தேளின் வாலில் என்.ஜி.சி. 6231: ஒரே கொத்தில் வெடித்து முடிந்தவையும் இன்னும் எரியத் தொடங்காதவையும்

மன்னை ஆசிரியர் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். விருச்சிக மண்டலத்தில், தேளின் வால் கிழக்கே திரும்பும் இடத்தில் இருக்கும் என்.ஜி.சி. 6231 என்ற இளம் விண்மீன் கொத்தைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்ல முற்பட்டபோது எழுந்த ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன்.

இந்தக் கொத்து நம்மிடமிருந்து ஐயாயிரம் ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால் இருக்கிறது என்றும், அதன் வயது சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் என்றும் படித்தேன். சூரியனுக்கு 460 கோடி ஆண்டு வயதாகிறது என்பதை நினைத்தால் இது மிகச் சிறிய வயது. திறந்த கொத்து ஒன்றில் உள்ள விண்மீன்கள் அனைத்தும் ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை என்பதுதான் நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அடிப்படை. ஆனால் இதே கொத்தில் வாழ்நாளின் கடைசிக் கட்டத்தை எட்டிவிட்ட ஒரு வுல்ஃப்-ராயே விண்மீன் இருக்கிறது. வேறொரு விண்மீன் சூப்பர்நோவாவாக வெடித்தே போய்விட்டது என்றும் எழுதுகிறார்கள். அப்படியிருக்க, இதே கொத்தின் சூரியன் அளவுள்ள சிறு விண்மீன்கள் இன்னும் முதன்மைத் தொடரையே (மையத்தில் ஹைட்ரஜன் நிலையாக எரியும் கட்டத்தை) எட்டவில்லை என்று அடுத்த பத்தியில் படிக்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னவுடன், "ஒரே நாளில் நட்ட வயலில் ஒரு குத்து கதிர் முற்றி உதிர்ந்து போயிருக்கும்போது, பக்கத்துக் குத்து இன்னும் வேர் பிடிக்காமல் நிற்குமா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நிறை மிகுந்த விண்மீன் சீக்கிரம் எரிந்து தீரும் என்ற ஒரு வரியை மட்டும் விடையாகச் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. ஓர் இடத்தில் கொத்தின் வயது 20 லட்சம் என்றும், இன்னோர் இடத்தில் 70 லட்சம் என்றும் இருக்கிறது. மாணவர்களுக்கு எதைச் சொல்வது? மற்றொன்று, இவை மிகச் சூடான நீல விண்மீன்கள் என்கிறார்கள், ஆனால் பைனாகுலரில் பார்த்தால் வெண்மையாகத்தான் தெரிகின்றன. இது என் கண்ணின் குறையா, வேறு காரணம் உண்டா?

குடந்தை இயற்பியல் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் உவமையில் ஒரே ஒரு திருத்தம் போதும்: அந்த வயலில் நட்டது ஒரே ரகம் அல்ல. 110 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 43-ஐயும், 155 நாளுக்கு மேல் எடுக்கும் சி.ஆர். 1009-ஐயும் கலந்து நட்டால் என்ன ஆகும் என்று அவரையே கேளுங்கள், பதில் வந்துவிடும். நெல்லில் இந்த வேறுபாடு ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. விண்மீன்களில் அது ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது என்பதுதான் வியப்பு.

கணக்கை இந்தக் கொத்தின் ஒரு விண்மீனை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஹெச்.டி. 152248 என்பது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன். இரண்டும் மிகச் சூடான, நீலமான ஓ வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் நிறையும் சூரியனைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. ஒவ்வொன்றின் ஆரமும் சூரியனுடையதைப் போல் 15 மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை 34,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு. வெளிவிடும் ஆற்றல் ஆரத்தின் இருமடியாகவும் வெப்பநிலையின் நான்மடியாகவும் பெருகும் என்ற ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதன்படி கணக்கிட்டால், ஒவ்வொரு விண்மீனும் சூரியனைப் போல் இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் ஒளிர்கிறது என்று வரும். கையிருப்பு 30 மடங்கு, செலவோ சுமார் 2,70,000 மடங்கு. ஆகவே வாழ்நாள் சூரியனுடையதில் 9,000-இல் ஒரு பங்கு. சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு என்றால் இதற்கு 11 லட்சம் ஆண்டுதான்.

இந்த விடை உண்மையைவிட நான்கைந்து மடங்கு குறைவு, அதையும் மாணவர்களுக்குக் காட்டிவிட வேண்டும். சூரியன் தன் ஹைட்ரஜனில் மையத்தில் உள்ள ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே முதன்மைத் தொடரில் எரிக்கிறது, ஏனென்றால் அதன் மையப்பகுதியில் பொருள் கலங்குவதில்லை. வெளிப்பகுதியின் ஹைட்ரஜன் உள்ளே வந்து சேர்வதில்லை. நிறை மிகுந்த விண்மீனில் ஆற்றல் உண்டாவது கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் வழியாக நடக்கும் சுழற்சியில். இந்த வினை வெப்பநிலையின் மிக உயர்ந்த படியைப் பொறுத்துப் பெருகுவதால் ஆற்றல் முழுவதும் மையத்தின் ஒரு சிறு பகுதியில் குவிகிறது. கதிர்வீச்சால் மட்டும் அதை வெளியே கடத்த முடியாமல் பொருளே கொதித்துப் புரள்கிறது. அந்தப் புரளலால் விண்மீனின் பெரும்பகுதி ஹைட்ரஜன் அடுப்புக்கு வந்து சேர்கிறது. தொடக்கத்தில் அதன் ஒளிர்வு இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தால், 30 சூரிய நிறையுள்ள விண்மீனுக்கு சுமார் 60 லட்சம் ஆண்டு கிடைக்கும். 60 சூரிய நிறைக்கு மேல் போனால் அது 30 லட்சத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

மறுமுனையைப் பாருங்கள். சூரிய நிறையுள்ள ஒரு விண்மீன் சுருங்கிச் சுருங்கி மையத்தைச் சூடாக்கி, ஹைட்ரஜன் எரிப்பு நிலைகொள்ளும் கட்டத்தை அடைய ஏறத்தாழ 3 முதல் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நிறை மிகுந்தவையோ சுற்றிலுமுள்ள வாயு இன்னும் தம்மீது விழுந்துகொண்டிருக்கும்போதே எரியத் தொடங்கிவிடுகின்றன. எனவே 50 லட்சம் ஆண்டு வயதுள்ள ஒரு கொத்தில், அறுபது மடங்குக்காரன் செத்துப் போய், முப்பது மடங்குக்காரன் முக்கால் ஆயுளைத் தாண்டி, சூரியனைப் போன்றவன் தன் சுருங்கும் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முடிக்காமல் இருப்பது முரண்பாடே இல்லை. இப்படிச் சுருங்கிக்கொண்டிருக்கும் சிறு விண்மீன்கள் வலுவான காந்தப்புலம் உள்ளவை. ஆகவே எக்ஸ் கதிர்களை மிகுதியாக வீசுகின்றன. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இந்தக் கொத்தைப் பார்த்த பதிவுகளைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது அதில் சில பத்துப் பேர்தான்.

வுல்ஃப்-ராயே வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1867-இல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்ல் வுல்ஃப், ஜார்ஜ் ராயே என்ற இருவர், நிறமாலையில் இருண்ட கோடுகளுக்குப் பதிலாக அகன்ற ஒளிக்கோடுகள் உள்ள விண்மீன்கள் மூன்றைக் கண்டார்கள்; பெயர் அப்படி வந்தது. இந்தக் கொத்தில் இருப்பது ஹெச்.டி. 152270. அதன் வெளியடுக்குகள் உரிந்து போய், உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன் மேற்பரப்பிலேயே தெரிகிறது. அதற்கும் ஓ வகைத் துணை ஒன்று உண்டு. இரண்டும் ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன.

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் கண்ணில் குறை இல்லை. அந்தக் கொத்துக்கும் நமக்கும் இடையே பால்வீதியின் தூசு இருக்கிறது. அது நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடித்து, சிவப்பை ஓரளவு விட்டுவிடுகிறது. கண்ணால் காணும் ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நமக்கு வந்து சேர்கிறது. தூசை நீக்கிப் பார்த்தால் அந்தக் கொத்து இன்னும் ஒன்றரைப் பொலிவு எண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) அளவுக்குப் பிரகாசமாகவும், தெளிவான நீலமாகவும் தெரியும்.

உப்பளக்காற்று (வேதாரண்யம் பக்கம்) எழுதியது:

கணக்கைக் குடந்தை ஐயா சொல்லிவிட்டார்கள். வானத்தில் எங்கே, எப்போது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு இருக்கும் வாய்ப்பு ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு இல்லை. இந்தக் கொத்து வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 42 பாகையில் இருக்கிறது. லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. 1654-இல் இதைத் தம் பட்டியலில் சேர்த்த ஜியோவான்னி பத்திஸ்தா ஹோதியெர்னா சிசிலித் தீவிலிருந்து பார்த்தார். அங்கே அது தென் அடிவானத்திலிருந்து 11 பாகை அளவுக்குத்தான் எழும்பும். தஞ்சாவூரிலும் வேதாரண்யத்திலும் அது 37 பாகைக்கு மேல் ஏறுகிறது. நீட்டிய கையின் முட்டியைப் பத்துப் பாகை என்று கொண்டால், முட்டிமேல் முட்டியாக நான்குக்குச் சற்றுக் குறைவு.

பங்குனிக் கடைசியில் அதிகாலை மூன்றே முக்கால் மணி அளவில் அது நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். ஆடி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு அதே இடத்துக்கு வரும், ஆனால் அப்போது தென்மேற்குக் காற்றோடு ஓடும் மேகம் பாதி இரவைத் தின்றுவிடும். மார்கழி, தை மாதப் பனிமூட்டத்தில் வயல்வெளியிலிருந்து எதையும் பார்க்க முடியாது. அந்த மாதங்களில் தேள் எழுவதும் விடியலை ஒட்டித்தான். என் அனுபவத்தில் பங்குனியே சிறந்தது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இறால் பண்ணை விளக்குகள் தொல்லை கொடுக்கும். உப்பளப் பாத்திகளின் பக்கம் போய்விட்டால் தெற்கே மரம், கட்டடம் எதுவும் மறைக்காது. கோடியக்கரை இன்னும் இருட்டானது என்றாலும் சரணாலயத்துக்குள் இரவில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கடலோர ஈரத்தில் பைனாகுலரின் முன்கண்ணாடி வியர்த்துப் போகும். துடைக்காமல், உறைக்குள் சற்று நேரம் வைத்து எடுத்தால் போதும்.

கேட்டையிலிருந்து தேளின் உடலைப் பின்தொடர்ந்து தெற்கே இறங்குங்கள். வால் திரும்பும் முனையில் ஸீட்டா என்ற பெயரில் இரண்டு விண்மீன்கள் ஒட்டினாற்போல் இருக்கும். கண் கூர்மையாக இருப்பவர்கள் கருவியில்லாமலே பிரித்துப் பார்க்கலாம். பைனாகுலரில் ஒன்று செம்மஞ்சள், மற்றொன்று வெண்ணீலம். இங்கே மாணவர்களை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். செம்மஞ்சள் நிறமுள்ள ஸீட்டா-2 நம்மிடமிருந்து ஏறத்தாழ 130 ஒளியாண்டில் இருக்கிறது. அதைவிட ஒரு பொலிவு எண் மங்கலாகத் தெரியும் ஸீட்டா-1 அதைப் போல் நாற்பது மடங்கு தொலைவில், நாம் பேசும் கொத்தைச் சூழ்ந்த ஸ்கார்ப்பியஸ் ஓ.பி.1 என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் மீப்பெரும் விண்மீன். அதன் ஒளிர்வு சூரியனைப் போல் பல லட்சம் மடங்கு. தொலைவு நாற்பது மடங்கு என்றால் ஒளி ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்காகக் குறையும் என்ற எதிர் இருமடி விதியை இதைவிட நன்றாகக் காட்டும் இணை வானத்தில் அதிகம் இல்லை.

ஸீட்டாவிலிருந்து அரைப் பாகை வடக்கே, நிலவின் அகலம் அளவு தள்ளி, கொத்து இருக்கிறது. 10×50 பைனாகுலரில் ஏழெட்டுப் புள்ளிகள் நெருக்கமாகவும், அவற்றின் பின்னால் பிரிபடாத ஒரு மங்கல் ஒளியும் தெரியும். அங்கிருந்து இன்னும் வடக்கே ஒரு பாகை தூரம் தூவினாற்போல் டிரம்ப்ளர் 24 என்ற தளர்ந்த கூட்டம் விரிகிறது. ஸீட்டா தலை, இது வால் என்று சேர்த்துப் பார்த்தால் வால்நட்சத்திரம் போலவே இருப்பதால் பொய் வால்வெள்ளி என்று இதை அழைப்பவர்கள் உண்டு. அந்த வால் முனையில் நீண்ட நேரம் படமெடுத்தால் ஐ.சி. 4628 என்ற சிவந்த வாயு மேகம் விழும். அதற்கு இறால் நெபுலா என்றே பெயர். நம் கடற்கரைக்குப் பொருத்தம்தான்.

கொள்ளிடக்கரை ஆய்வு மாணவன் எழுதியது:

குடந்தை ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் வயதைப் பற்றிய இரண்டாவது கேள்வியை இன்னும் யாரும் தொடவில்லை. அங்கேதான் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்து இருக்கிறது. கொத்தின் மிகப் பிரகாசமான, மிக நீலமான விண்மீன் எது என்று பார்த்து, அந்த நிறைக்கு உரிய வாழ்நாளைக் கொத்தின் வயதுக்கு மேல் எல்லையாக வைப்பது பாடநூல் முறை. கார்த்திகைக் கூட்டம் போன்ற, பத்துக் கோடி ஆண்டைத் தாண்டிய கொத்துகளில் அது ஓரளவு ஒத்துவரும். ஓ வகை விண்மீன்கள் நிறைந்த இளங்கொத்தில் அதை அப்படியே நம்புவது ஆபத்து.

காரணம் இரட்டைகள். 2012-இல் ஹியூஸ் சானா என்பவரின் தலைமையிலான குழு என்.ஜி.சி. 6231 உட்பட ஆறு இளங்கொத்துகளில் 71 ஓ வகை அமைப்புகளை நிறமாலை வழியாக ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் இந்தத் துறையின் அடித்தளங்களுள் ஒன்று. பெருநிறை விண்மீன்களில் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை தம் வாழ்நாளில் துணையோடு பொருளைப் பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமானவை என்றும், அவற்றில் ஒரு பகுதி ஒன்றாகவே இணைந்துவிடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். பொருளைப் பெற்ற விண்மீன் மையத்தில் புதிய ஹைட்ரஜனைக் கலந்துகொண்டு தன் உண்மை வயதைவிட இளமையாகத் தோன்றும். இணைந்தவையும் அப்படியே. ஆக, கொத்தின் தலையில் மிக நீலமாக ஒளிர்வது, பெரும்பாலும் அந்தக் கொத்தின் காலத்தைச் சொல்லத் தகுதி குறைந்த ஒன்றாகவே இருக்கும். 20 லட்சத்துக்கும் 70 லட்சத்துக்கும் இடையே எண்கள் அலைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொலைவு சரியாகத் தெரியாமல் இருந்தது இன்னொன்று. கொத்து தொலைவில் இருப்பதாகக் கொண்டால் விண்மீன்களின் உண்மை ஒளிர்வு கூடும், கணக்கிடும் வயதும் அதற்கேற்ப மாறும். கையா விண்கலம் தந்த, தொலைவைக் கணிக்க உதவும் இடமாறு கோணங்களால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கொத்தின் விண்மீன்கள் எல்லாமே ஒரே நாளில் பிறக்கவில்லை, பிறப்பு சில லட்சம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டது என்பதற்கும் சிறு விண்மீன்களின் பரவலில் அடையாளம் இருக்கிறது.

ஒரு எண் வேண்டுமென்றால் நான் ஹெச்.டி. 152248-ஐத்தான் நம்புவேன், குடந்தை ஐயா கணக்குக்கு எடுத்துக்கொண்ட அதே இரட்டை. அது ஒன்றையொன்று மாறி மாறி மறைக்கும் மறைப்பு இரட்டை, 5.816 நாளுக்கு ஒருமுறை சுற்று முடிகிறது. ஆகவே நிறையையும் ஆரத்தையும் ஊகமின்றி அளந்துவிடலாம். அவை இன்னும் ஒன்றிலிருந்து ஒன்று பொருளை வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பெரிய சிறப்பு. இரண்டின் நிறையும் சமமாக இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் கால் பங்குதான். புதன் சூரியனை இதைவிட எட்டத்தில் சுற்றுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றைச் சற்று நீள்வடிவாக்குவதால், அவை செல்லும் நீள்வட்டப் பாதையே மெல்லச் சுழல்கிறது: ஆண்டுக்கு சுமார் 1.8 பாகை. அதன் அச்சு ஒரு முழுச் சுற்று வர இருநூறு ஆண்டுகள் ஆகும்.

அந்தச் சுழலும் வேகம் விண்மீனின் உள்ளே பொருள் எவ்வளவு மையத்தில் குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயதாக ஆக மையம் அடர்ந்து, வெளியடுக்கு விரிந்து மெலிவதால், அந்தக் குவிவே வயதைக் காட்டிக்கொடுக்கிறது. பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளிவந்த ஆய்வு இந்த வழியில் கண்ட வயது 50 லட்சம் ஆண்டுக்குச் சற்று மேல். விண்மீனின் உள்ளமைப்பு மாதிரிகளை நம்பித்தான் இதுவும் நிற்கிறது. ஆயினும் மேற்பரப்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வயதைவிட, உள்ளே இருப்பதை அளந்து சொல்லும் வயது எனக்கு மேலானது. மாணவர்களுக்கு "ஏறத்தாழ 50 லட்சம்" என்று சொல்லி, அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மன்னை ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரகம் வேறு என்ற விடையைச் சொன்னபோது அந்த மாணவி, "அப்படியானால் உதிர்ந்த குத்து எங்கே, தாளாவது இருக்குமே?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டாள். வெடித்த விண்மீனின் எச்சம் கொத்துக்குள் எதுவும் இல்லை என்றால், வெடிப்பு நடந்தது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? கொத்துக்குள் வாயு மிகக் குறைவு என்பது மட்டுமே சான்றாகுமா?

குடந்தை இயற்பியல் எழுதியது:

வாயு குறைவு என்பது சான்று ஆகாது, ஐயா. வெடிப்பு நடக்கும் முன்பே ஓ வகை விண்மீன்களின் புற ஊதா ஒளியும், நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவில் அவை வீசும் விண்மீன் காற்றும் சேர்ந்து பிறந்த மேகத்தைத் துடைத்துவிட வல்லவை. வெடிப்பில் சிதறிய வாயுவையும் இன்று தேட முடியாது. அப்படிப்பட்ட ஓடு ஒரு லட்சம் ஆண்டுக்குள் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைந்துவிடும். உண்மையான சான்று கொத்தைவிட்டு ஓடிப்போன ஒரு விண்மீன்.

கொத்துக்கு வடக்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து, நான்கு பாகைக்கு மேல் தள்ளி ஹெச்.டி. 153919 என்ற ஓ வகை விண்மீன் இருக்கிறது. அதன் பொலிவு எண் ஆறரை. உப்பளத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம். 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு என்ற செயற்கைக்கோள், அந்த இடத்திலிருந்து வலுவான எக்ஸ் கதிர் வருவதையும், 3.41 நாளுக்கு ஒருமுறை அது மறைந்து மீண்டும் தோன்றுவதையும் பதிவு செய்தது. அதாவது அந்த ஓ வகை விண்மீனைச் சுருங்கிய பொருள் ஒன்று சுற்றிவருகிறது. விண்மீன் வீசும் காற்றை ஈர்த்து விழுங்கி எக்ஸ் கதிராக உமிழ்கிறது. அது நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா என்பதில் இன்னும் இறுதி முடிவு இல்லை. எதுவாயினும் அது வெடித்த ஒரு விண்மீனின் மிச்சம்தான். தாள் எங்கே என்று கேட்ட மாணவிக்கு விடை இது.

அது இந்தக் கொத்திலிருந்து போனது என்பதைக் கையா விண்கலத்தின் அளவுகள் காட்டின. ஹெச்.டி. 153919 வானத்தில் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை அளந்து, அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் அது என்.ஜி.சி. 6231-ஐச் சென்று தொடுகிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வு கொத்தைவிட்டுப் பிரிந்த காலத்தை ஏறத்தாழ 22 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று குறித்தது. மாணவர்களே இதைச் சரிபார்க்கலாம். நான்கரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான கோணம், 5,400 ஒளியாண்டுத் தொலைவில், 410 ஒளியாண்டு நீளமாகும். நொடிக்கு 60 கிலோமீட்டர் போனால் அதைக் கடக்க 20 லட்சம் ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். முப்பரிமாணத்தில் சாய்ந்து போவதைக் கணக்கில் கொள்ளாத தோராயம்தான், ஆனாலும் விடை அருகில் வந்து விழுகிறது.

இப்போது கொள்ளிடக்கரை நண்பர் தந்த வயதை இதோடு சேருங்கள். கொத்தின் வயது 50 லட்சம். வெடிப்பு நடந்து 22 லட்சம் ஆகிறது. ஆக வெடித்தவன் வாழ்ந்தது 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவோ அதை ஒட்டியோதான். அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோக, அது பிறக்கும்போது 60 சூரிய நிறைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இரண்டு வேறு வழிகளில் அளந்த எண்கள் ஒன்றையொன்று இப்படித் தாங்கிப் பிடிப்பதைக் காண்பது அரிது.

வெடித்த பிறகும் இரண்டும் ஏன் பிரியவில்லை என்பதற்கும் கொள்ளிடக்கரை நண்பர் சொன்ன பொருள் பரிமாற்றமே விடை. ஓர் இரட்டையின் மொத்த நிறையில் பாதிக்கு மேல் நொடியில் வெளியேறினால் ஈர்ப்புப் பிணைப்பு அறுந்துவிடும். இங்கே வெடிக்கப் போகும் விண்மீன் தன் வெளியடுக்குகளை முன்கூட்டியே துணைக்குக் கொடுத்தும் காற்றில் இழந்தும் இளைத்துவிட்டது. வெடித்தபோது இழந்தது மொத்தத்தில் பாதிக்குக் குறைவு, பிணைப்பு நின்றது. ஒரு பக்கமாகப் பறந்த பொருளின் எதிர்விசையால் இணை முழுவதும் மறுபக்கம் உதைபட்டுக் கொத்தைவிட்டு வெளியேறியது.

கொள்ளிடக்கரை ஆய்வு மாணவன் எழுதியது:

இதோடு பள்ளியில் செய்யக்கூடிய ஒன்றையும் சேர்க்கிறேன். ஹெச்.டி. 152248-இன் பொலிவு எண் ஆறை ஒட்டியது. எனவே தொலைநோக்கி இல்லாமல், டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் நீளக்குவிய லென்ஸும் இருந்தாலே அதன் மறைப்பைப் பதிவு செய்ய முயலலாம். அது முழு மறைப்பு அல்ல, பகுதி மறைப்பு. பொலிவு குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. படங்களில் அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குவியத்தைச் சற்று விலக்கி எடுங்கள், ஆனால் கொத்து நெருக்கமானது என்பதால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்கு விலக்கிவிடாதீர்கள். படங்களை ரா வடிவிலேயே சேமிக்க வேண்டும்.

சுற்றுக்காலம் 5.816 நாள் என்பதால், ஓர் இரவு மறைப்பு கிடைத்தால் ஆறாவது இரவில் அதே மறைப்பு ஏறத்தாழ நான்கரை மணி நேரம் முன்னதாக வந்துவிடும். அப்போது தேள் எழுந்திருக்காது என்றால் அந்தச் சுற்று நமக்குக் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மறைப்புகள் உண்டு. பாதை நீள்வட்டமானதால் அவை ஒன்றுக்கொன்று சரிபாதி இடைவெளியில் வருவதில்லை. பாதை சுழன்றுகொண்டிருப்பதால் அந்த இடைவெளியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஒரே ஊரிலிருந்து இரண்டையும் பிடிக்கப் பல வாரங்கள் ஆகலாம். வேதாரண்யமும் மன்னார்குடியும் கும்பகோணமும் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டால் மேகம் தின்றதில் பாதியாவது மிஞ்சும். ஒப்பீட்டுக்கு ஸீட்டா-1-ஐ மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பொலிவும் தானாகவே சிறிது மாறிக்கொண்டிருக்கிறது.